புள்ளி மாமாவின் நீச்சல் குளம்

தண்ணீருக்காக அழாத மெட்ராஸ்வாசி கிடையாது. ஆனால் வீட்டுக் கொல்லையில் ஒரு குளம் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு அழுத ஒரே மனிதர் அடையாறு புள்ளி மாமாதான். தொண்ணூறுகளில் அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். அந்தப் பாவத்துக்கு நானும் சேர்ந்து அழுதேன்.

மாமிக்கு முழங்கால் வலி. தினமும் தண்ணீருக்குள் நடந்தால் கால் பிழைக்கும், இல்லாவிட்டால் நாற்காலியோடு சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா தென்னை மரங்களைச் சாய்த்துவிட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் கட்டினார். சிங்கப்பூரில் இருந்த பிள்ளை குளோரின் மாத்திரைகளும், தண்ணீரைச் சோதிக்க ஒரு பெட்டியும் அனுப்பினான். கொஞ்ச நாள் தண்ணீர் பளிங்காக இருந்தது, மாமியும் நடந்தாள். பிறகு பச்சையாகிவிட்டது. சர்க்கரை வியாதிக்காரி அந்தத் தண்ணீரில் காலே வைக்கக் கூடாது என்றார் டாக்டர்.

பச்சையா, மாத்திரை போடு. மறுபடி பச்சையா, இன்னும் ரெண்டு போடு. இதுதான் மாமாவின் வைத்தியம். பிள்ளை போனிலேயே தலையில் அடித்துக்கொண்டான். வெயிலில் குளோரின் வீணாகாமல் இருக்க அந்த மாத்திரையிலேயே ஸ்டெபிலைசர் என்று ஒன்று கலந்திருக்கிறதாம். அளவோடு இருந்தால் குளோரினைக் காக்கும், மிஞ்சினால் அதை வேலையே செய்ய விடாது. குளோரின் தீர்ந்துபோகும், இந்தச் சனியன் மட்டும் போகாது. மாத்திரை போடப் போட ஏறிக்கொண்டே இருக்கும்.

அதை அளக்கத்தான் அந்தப் பெட்டியில் ஒரு கண்ணாடிக் குழாய், அடியில் கறுப்புப் புள்ளி. குளத்துத் தண்ணீரில் மருந்தைக் கலந்தால் மோர் மாதிரி கலங்கும். அதைக் குழாயில் மெதுவாக ஊற்றி மேலிருந்து பார்க்க வேண்டும். குழாய் நிறைகிற வரை புள்ளி தெரிந்தால் க்ஷேமம். சட்டென்று மறைந்தால் ஸ்டெபிலைசர் எக்கச்சக்கம். மாமா வீட்டில் ஒரு ஸ்பூன் ஊற்றுவதற்குள் மறைந்துவிடும். ஆனால் மாமா கண்ணுக்கு மட்டும் குழாய் வழிந்தாலும் தெரியும். சாட்சிக்கு ஆள் பிடிப்பார். தபால்காரர் தப்பவில்லை, சிலிண்டர் போட வந்தவர் தப்பவில்லை. ஆபீஸுக்கு ஓடுகிற என்னையும் வழிமறிப்பார்.

"தெரியறதா?"

"தெரியல மாமா."

"நம்பிக்கையோட பாருங்கோ."

நம்பிக்கையோடு பார்த்து நான் விட்ட பஸ்கள் கொஞ்சநஞ்சமல்ல.

பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவது ஒன்றுதான் வழி என்றான் பிள்ளை. மாமா ஆடிப்போனார். தெருவே குடத்தோடு லாரிக்குக் காத்துக்கிடந்த கோடை அது. மெட்ராஸில் தண்ணீரைச் சாக்கடையில் விடுகிறவனுக்கு நரகத்தில்கூட இடம் கிடையாது என்று கத்தினார். அதற்குள் மாமி நாற்காலிக்கு வந்துவிட்டாள். ஒரு நாள் அடுக்களைக்குப் போக எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"போறும்னா. குளத்தை மூடிடுங்கோ."

மாமா நேரே தெருவுக்குப் போய், குடத்தோடு நின்ற பெண்களைக் கூப்பிட்டார். துணி துவைக்க, கக்கூஸுக்கு மட்டும், குடித்துவிடக் கூடாது என்று குடத்துக்குக் குடம் சத்தியம் வாங்கினார். "இன்னா சாமி, பச்சையா கீது?" என்றாள் ஒருத்தி. பச்சைதான் ராசி என்றார் மாமா.

பாதிக் குளம் காலி. நிரப்பத்தான் நாதியில்லை. நீச்சல் குளத்துக்கா என்று லாரிக்காரர்கள் சிரித்தார்கள். மிச்சத் தண்ணீர் பாசி பிடித்து நாறியது. மாமா தினமும் வானத்தைப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை சுத்தமாக விட்டுப்போயிற்று.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயை மாமா குளத்துப் பக்கம் திருப்பிவிட்டார். குளம் நிறைந்தது. பாசியைத் தேய்த்தெடுத்து, மாத்திரையைத் தொடாமல் ஸ்டெபிலைசர் இல்லாத வெறும் பிளீச்சிங் பவுடர் போட்டு, தண்ணீர் தெளிந்ததும் கண்ணாடிக் குழாயோடு என்னிடம் வந்தார். ஊற்ற ஊற்றப் புள்ளி தெரிந்துகொண்டே இருந்தது.

"தெரியறது மாமா" என்றேன்.

"எனக்காகச் சொல்லாதீங்கோ" என்றார்.

அன்று மாலை தூறலில் மாமி மாமாவின் தோளைப் பிடித்துக் குளத்தில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் அடிமேல் அடி வைத்து நடந்தாள். கரையோடு கூடவே நடந்து, கையை எட்ட நீட்டி, அவள் தலைக்குக் குடை பிடித்தபடி வந்தார் மாமா. தண்ணீருக்குள் இருக்கிறவருக்குக் குடை எதற்கு என்று மாடியிலிருந்து கேட்டேன்.

"நனைஞ்சா ஜலதோஷம் பிடிக்குமே" என்றார்.

அவர் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அந்த மனுஷரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.