சப்பரத்தின் வலது முன்கம்பு

பாஸ்டன்,
19 ஆகஸ்ட் 1974

அன்புத் தம்பி கலோஜெரோவுக்கு அண்ணன் காஸ்பரே ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி அசுந்தாவும் நலம். அங்கே நீயும் பிள்ளைகளும் ஆலிவ் மரங்களும் நலமாக இருக்கப் புனித ஆரோக்கியநாதரை வேண்டுகிறேன். அவர் காதில் விழுமா என்பது சந்தேகம். நேற்றிலிருந்து அவருக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை சரியில்லை.

முப்பத்தொரு வருஷமாகத் திருநாளன்று சப்பரத்தின் வலது முன்கம்பு என் தோளில்தான். இந்த வருஷம் எங்கள் திருவிழாச் சங்கத் தலைவன் நுன்சியோ, கறிக்கடைக்காரன், வீடு தேடி வந்தான். "அண்ணே, நீங்க முன்னால கொடி பிடிச்சு நடந்தா எவ்வளவு கம்பீரமா இருக்கும்!" என்றான். என்னைக் கம்பீரம்னு இதுவரைக்கும் ஒருத்தனும் சொன்னதில்லை. அப்பவே எனக்குப் பொறி தட்டிடுச்சு. போகும்போது அசுந்தா கையில ரெண்டு முழம் சாஸேஜ் வேற, இலவசமா! கறிக்கடைக்காரன் எதுக்குடா சும்மா குடுப்பான்? அவன் மருமகன் சால்வோவுக்கு என் கம்பு மேல கண்ணு. மறுநாள் பாத்தா, கோயில் பின்பக்கம் நுன்சியோவும் உன் அண்ணியும் குசுகுசுன்னு பேசிட்டிருக்காங்க. என்னைக் கண்டதும், "பூ அலங்காரம் பத்திப் பேசினோம்"ங்கிறா. ரெண்டு பேர் கையிலயும் ஒரு பூ கிடையாது!

நானா விடுவேன்? நேத்து பேண்டு முழங்கினதும் கொடியைப் பாதிரியார் கையில திணிச்சிட்டு, சால்வோவை ஒரு இடி இடிச்சுக் கம்புக்கடியில புகுந்துட்டேன். "மாமா, வேணாம், உங்க முட்டி!"ன்னு கத்துறான். என் முட்டி வலி அவனுக்கு எப்படித் தெரியும்? வேவு பாத்திருக்கான்! ரொட்டிக்கடை முக்கு வரைக்கும் ராஜாவாட்டம் போனேன். அங்க திரும்புறப்போ சப்பரம் ஒரு பக்கமா சாஞ்சு, சுவாமி காலடியில நிக்கிற நாயோட வாயிலிருந்த மர ரொட்டி கழன்று, முக்குல கடை போட்டிருந்த பலகாரக்காரியோட எண்ணெய்ச் சட்டிக்குள்ள விழுந்துடுச்சு. அவ பாக்காம அதையும் பொரிச்சு, சர்க்கரை தூவி வச்சுட்டா! தெருவே என்னை முறைக்குது. அந்த ரொட்டியைப் பசை போட்டுச் சரியா ஒட்டாம விட்டது நுன்சியோ ஆளுங்கதான்னு எனக்குத் தெரியாதா?

ஆகவே தம்பி, சங்கத்திலிருந்து விலகிவிட்டேன். அடுத்த வருஷம் நம் ஊர்ச் சப்பரத்தில் எனக்கு ஒரு கம்பு பிடித்து வை. சுவாமி உங்கள் எல்லோரையும் நோயிலிருந்தும் கறிக்கடைக்காரர்களிடமிருந்தும் காப்பாராக.

உன் அண்ணன்,
காஸ்பரே

பி.கு.: கொழுந்தனாரே, அண்ணி அசுந்தா எழுதுறேன். கவரை ஒட்டச் சொல்லிக் குடுத்தார், படிச்சுட்டேன். நுன்சியோ பாவம். கம்பை விட்டு இவரை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினது நான்தான். மூணு வருஷமா இவர் எங்க தூக்குறார்? கம்புல தொங்கிக்கிட்டுல்ல வர்றார்! மத்த பதினொரு பேரும் சுவாமியையும் இவரையும் சேர்த்துத்தான் சுமக்குறாங்க, ஒருத்தரும் வாயைத் திறக்கலை. அங்க இடம் பிடிக்கிறதா இருந்தா, நல்ல பலசாலிங்களுக்கு நடுவுல பிடிங்க.