கொக்கு நிற்கும் அறை

கொக்கு வாசல் கதவில் மாட்டிக்கொண்டது.

"இடது பக்கமாத் தள்ளுடா" என்றாள் அக்கா.

"இதுல இடது எது அக்கா? எல்லாப் பக்கமும் ஒரே கம்பியா இருக்கு" என்றான் தம்பி.

கடிகாரக்காரர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவருடைய மனைவி. தம்பி அவருடைய மைத்துனன். கொக்கும் அவருடையதுதான். படுக்கையிலிருந்து ஆளைத் தூக்கி நாற்காலியில் இறக்கும் இயந்திரம். ஒற்றைக் கால், நீண்ட கழுத்து, நுனியில் ஒரு கொக்கி. அது வீட்டுக்கு வந்த அன்றே மனைவி அந்தப் பெயரை வைத்துவிட்டாள்.

"பின்னால ஒரு திருகு இருக்கும் பாரு, மாப்ளே. அதைத் தளர்த்தினா கழுத்து மடங்கும்."

"நீங்க பேசாம இருங்க மாமா. நீங்க நோயாளி."

"நோயாளி இல்லடா. கால் வராது, அவ்வளவுதான். மத்தபடி உன்னைவிட நல்லா இருக்கேன்."

"ஐயோ, இதை மட்டும் ஆபீசர்கிட்டச் சொல்லிடாதீங்க!"

மைத்துனன் காப்பீட்டு முகவர். எந்தப் பேச்சையும் "விவரமா இருக்கணும்" என்று தொடங்குவான். அதனால் குடும்பத்தில் அவன் பெயர் விவரம்.

மூன்று வருடங்களுக்கு முன் மணிக்கூண்டுக் கடிகாரத்தைச் சரிசெய்ய ஏறியபோது ஏணி சறுக்கியது. முதுகெலும்பில் அடி. அன்றிலிருந்து அவர் வீட்டில் சன்னலோரம் மேசை போட்டுக் கைக்கடிகாரங்களை மட்டும் பழுது பார்க்கிறார். மணிக்கூண்டு இன்றும் நான்கு நிமிடம் பிந்தித்தான் ஓடுகிறது. விழுந்ததைவிட அதுதான் அவருக்குப் பெரிய வருத்தம். மனைவி மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். வீட்டு வாடகையில் பெரும்பங்கை நலத்துறை கட்டுகிறது.

போன வாரம் நலத்துறையிலிருந்து மஞ்சள் கடிதம் ஒன்று வந்தது. வீட்டில் இருப்பவர்கள் கணவனும் மனைவியும், படுக்கையறைகள் இரண்டு, இரண்டாவது அறை தேவைதானா என்று நேரில் வந்து பார்க்கப்படும், தேவையில்லை என்றால் அந்த அறைக்கான வாடகை உதவி நிற்கும்.

நின்றால் மனைவியின் சம்பளத்தில் இந்த வீட்டில் இருக்க முடியாது. துறை கொடுக்கும் ஒற்றை அறை வீட்டுக்குப் போக வேண்டும். அவர் அதையும் ஆள் அனுப்பி அளந்துவிட்டார். அங்கே குளியலறைக் கதவு, சக்கர நாற்காலியைவிட இரண்டு அங்குலம் குறுகல்.

"உள்ளதைச் சொல்லிடலாமேடா" என்று மனைவி அன்றே சொன்னாள். "ரெண்டாவது ரூம்ல அவரோட சாமான் இருக்கு. அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

விவரம் சிரித்தான். "அக்கா, சாமான் வைக்கிற ரூமுக்குப் பேரு கோடவுன். கோடவுனுக்கு எந்தச் சர்க்கார் வாடகை கொடுக்கும்? ராத்திரி உதவிக்கு ஆள் தங்குற ரூமுன்னா கொடுப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குக் கொடுத்திருக்காங்க."

"ராத்திரி நான்தானே அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன்?"

"நீ பொண்டாட்டி. கணக்குல வராது. நான்தான் அந்த ஆள். இனிமே நான் இங்கதான் படுக்கிறேன், மூணு வருஷமா."

இப்படித்தான் இன்று காலை இரண்டாவது அறை காலியானது. நிற்பதற்குப் பழகும் சட்டம், குளியல் நாற்காலி, இன்னொரு சக்கர நாற்காலி, காற்று மெத்தையின் மோட்டார், சாய்வுப் பலகைகள், நாலு பெட்டி உறிஞ்சு துணி. எல்லாம் அதே மாடியில் எதிர்வீட்டுக்குப் போயின. கடைசியில் கிளம்பியது கொக்கு.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தனியாக இருந்தார். முழங்கால் தேய்ந்துபோனவர். கதவைத் திறப்பதற்குள் ஒரு பஸ் வந்து போய்விடும்.

"உள்ள வைங்க தம்பி. மகன் போனதிலிருந்து அந்த ரூம் சும்மாத்தான் கிடக்கு" என்றார். "எனக்கும் அதே மஞ்சக் கடுதாசி வந்திருக்கு. நான் மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டேன்."

"உங்க கேஸ் தேறாதுண்ணே" என்றான் விவரம். "வெறும் முட்டிவலியை வச்சுக்கிட்டு ரூம் கேட்க முடியாது. எல்லாத்துக்கும் ஒரு விவரம் வேணும்."

"அதான் எனக்கு இல்லையே" என்று டிரைவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

கொக்கு ஒருவழியாகக் கழுத்து மடங்கி எதிர்வீட்டுக்குள் போனது.

காலியான அறை இன்னும் மோசமாக இருந்தது. எட்டுக்குப் பத்து அடியில் ஒன்றுமே இல்லை. பேசினால் எதிரொலித்தது.

"இப்ப இது உபரின்னு எழுதி ஒட்டின மாதிரி இருக்கு" என்றார் கடிகாரக்காரர்.

விவரம் ஓடினான். கீழே முடிதிருத்தும் கடையில் ஆட்கள் காத்திருக்கும் பெஞ்சைக் கேட்டு வாங்கித் தூக்கி வந்தான். அதன்மேல் போர்வை விரித்தான். கடையில் போய்த் தலையணையும் பல் துலக்கும் தூரிகையும் வாங்கினான். தன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பிறகு போட்டுக்கொள்ள வேறு சட்டை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மாமாவின் சட்டையை எடுத்துப் போட்டான். அது அவன் வயிற்றுக்கு மேலேயே நின்றுவிட்டது.

அழைப்புமணி அடித்தது. பதினொரு மணிக்கு வர வேண்டிய அதிகாரி.

"பத்து முப்பத்தஞ்சு" என்றார் கடிகாரக்காரர், மணிக்கட்டைப் பார்க்காமலே.

"சர்க்கார் ஆபீசுல ஒரே ஒருத்தங்க சீக்கிரம் வருவாங்க. அவங்க நம்ம வீட்டுக்குத்தான் வருவாங்க" என்று மனைவி முனகிக்கொண்டே கதவைத் திறந்தாள்.

வந்தவர் நடுத்தர வயதுப் பெண். கையில் எழுதும் அட்டை, பேனா, அளவு நாடா. அதிகம் பேசாதவர். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்ததும் குடித்தார். அதற்குள் விவரம் மூன்று நிமிடம் பேசிவிட்டான்.

"நான்தான் மேடம் ராத்திரி உதவி. மூணு வருஷமா ஒரு நாள் லீவு எடுத்ததில்ல. இவர் கண்ணை மூடினாத்தான் நான் மூடுவேன்."

"அறையைப் பார்க்கலாமா?"

பார்த்தார். நாடாவை எடுத்துப் பெஞ்சின் அகலத்தை அளந்தார்.

"ஒண்ணேகால் அடி."

"நான் புரளவே மாட்டேன் மேடம். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். அக்காவைக் கேளுங்க."

அக்கா சுவரைப் பார்த்தாள்.

அதிகாரி தலையணையைத் திருப்பினார். அடியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. தூரிகையைப் பார்த்தார். அது இன்னும் உறைக்குள்ளேயே இருந்தது.

"நேத்துத்தான் மாத்தினோம். சுத்தம் முக்கியமில்லையா?" என்றான் விவரம். வியர்வை மாமாவின் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ராத்திரி எத்தனை தடவை திருப்பிப் படுக்க வைக்கிறீங்க?"

விவரம் அக்காவைப் பார்த்தான். அக்கா மூன்று விரலைக் காட்டினாள்.

"முப்பது தடவை மேடம்."

அதிகாரி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அப்போ இவர் எப்பத் தூங்குவார்?"

"எங்கிட்டக் கேட்டா நானே சொல்லுவேன்" என்றார் கடிகாரக்காரர். அவருக்குப் பொறுமை போய்விட்டது. "உண்மை என்னன்னா மேடம், எங்க வீட்ல ஒரு கொக்கு..."

"கொக்கா?"

"பறவை மேடம்!" விவரம் பாய்ந்தான். "மாமாவுக்குப் பறவைன்னா உயிர். அடிபட்டதிலிருந்து அப்பப்ப இப்படித்தான் பேசுவார். நானும் தலையாட்டிடுவேன்."

கடிகாரக்காரர் வாயை மூடிக்கொண்டார். இனி எதைச் சொன்னாலும் அது பறவைக் கணக்கில்தான் சேரும்.

"கருவி ஏதாவது வச்சிருக்கீங்களா? தூக்குறதுக்கு, குளிக்கிறதுக்கு?"

"ஒண்ணுமே இல்ல மேடம்." விவரம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். "எல்லாம் இந்தக் கையாலதான்."

"சரி. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாத்திக் காட்டுங்க."

மேசைமேல் இருந்த பதினொரு கடிகாரங்களின் சத்தம் கேட்டது.

விவரம் கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தான். மாமாவின் அக்குளில் கைகொடுத்தான். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான்.

"மாப்ளே, வேணாம். எழுபத்தெட்டு கிலோ" என்று கடிகாரக்காரர் அவன் காதில் சொன்னார்.

"ஒண்ணு... ரெண்டு..."

மூன்று வரவில்லை. அதற்குப் பதிலாக 'மளுக்' என்று ஒரு சத்தம் வந்தது. விவரம் பாதி குனிந்த நிலையில் அப்படியே நின்றான்.

"மாமா, முதுகு! முதுகு புடிச்சிருச்சு! அசைய முடியல!"

கடிகாரக்காரருக்கு இது தெரிந்த விஷயம். மூன்று வருடங்களாக முதுகைப் பற்றியே படித்தவர். நாற்காலியின் பூட்டைப் போட்டார். ஒரு கையால் மைத்துனனின் இடுப்பைப் பிடித்தார். இன்னொரு கையால் தோளைத் தாங்கினார். அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி அவனைத் தன் கட்டிலில் படுக்க வைத்தார். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையையும் செருகினார்.

"மூச்சை இழுத்து விடு. சரியாப் போயிடும்."

அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார்.

"இவர் உங்களுக்கு உதவியாளர். இல்லையா?"

"ஆமாங்க" என்றார் கடிகாரக்காரர். வேறு என்ன சொல்வது?

"இவரோட நிரந்தர முகவரி?"

படுத்திருந்த விவரத்தின் கை, பழக்கத்தில் கால்சட்டைப் பைக்குள் போனது. ஓர் அட்டையை எடுத்து நீட்டியது. பெயர், தொழில், வீட்டு முகவரி, இரண்டு தொலைபேசி எண்கள். கீழே சிவப்பு எழுத்தில் 'இருபத்துநான்கு மணி நேரமும் வீட்டுக்கே வந்து சேவை'.

"மேடம்" என்றான் வலியோடு, "உங்களுக்குப் பாலிசி ஏதாவது இருக்கா?"

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அதிகாரி மஞ்சள் தாளில் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைக் கிழித்துக் கொடுத்தார். "பின்பக்கம் விதிமுறை இருக்கு. படிச்சுப் பாருங்க" என்றார். வாசலில் ஒரு நொடி நின்று கடிகாரக்காரரைப் பார்த்தார். ஏதோ கேட்க நினைத்தவர்போல இருந்தது. கேட்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

மனைவி முன்பக்கத்தை வாசித்தாள்.

"இரவு உதவியாளர்: நிரூபணமாகவில்லை. கருவிகள்: இல்லை. இரண்டாவது அறை: உபரி."

கடிகாரக்காரர் சன்னல் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு நாளும் குளியலறைக்குள் தன்னந்தனியாகப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தானே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது அவர் மறுபடி கற்றுக்கொண்ட முதல் வேலை. அதற்கு எட்டு மாதம் ஆனது. இரண்டு அங்குலத்தில் அது போகப் போகிறது.

"பின்பக்கத்தைப் படி" என்றார்.

மனைவி திருப்பினாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் மெலிந்தது.

"'உடல் குறைபாட்டுக்கான கருவிகளை வைக்கத் தனி அறை தேவைப்படுவோருக்கு, இரண்டாவது அறைக்கு முழு வாடகை உதவி உண்டு. இதற்கு உதவியாளர் தங்கியிருக்க வேண்டியதில்லை.'"

கட்டிலில் இருந்த உருவம் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டது.

"கோடவுனா?" என்றாள் அக்கா. "கோடவுனாடா?"

"அக்கா, எனக்கு முதுகு வலி..."

"உனக்கு முதுகு இனிமேதான்டா வலிக்கப் போகுது!"

"இரு, இரு. கீழ இன்னும் ஒரு வரி இருக்கு" என்றார் கடிகாரக்காரர்.

இருந்தது. முடிவில் சம்மதம் இல்லையென்றால் பத்து நாளுக்குள் மறு ஆய்வு கேட்கலாம். கருவிகள் வீட்டில் இருக்க வேண்டும்.

அவர் முகத்தில் ஒரு வாரமாகக் காணாத சிரிப்பு வந்தது. "அவ்வளவுதானே? பத்து நாள் எதுக்கு, பத்து நிமிஷம் போதும். சாமானைத் திருப்பி வச்சுட்டு இன்னிக்கே போன் பண்ணிடலாம். இந்தத் தடவை நான்தான் பேசுவேன். எவனாவது குறுக்க வந்தான்னா கொக்குல மாட்டித் தொங்க விட்டுருவேன்."

"நான் வாயைத் திறக்கல மாமா" என்றது போர்வை.

மனைவி கதவைத் திறந்து பிடித்தாள். அவர் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தைக் கடந்தார். எதிர்வீட்டிலிருந்து அளவு நாடாவோடு அதே அதிகாரி வெளியே வந்துகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே டிரைவர், கடிகாரக்காரரின் இரண்டாவது சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்து பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. பின்னால் கொக்கு கழுத்தை நிமிர்த்தி நின்றது. கட்டி வைத்த மூட்டைகள் பாதி அவிழ்ந்திருந்தன. அவர் கையிலும் ஒரு மஞ்சள் தாள்.

அவர் கண் கலங்கியிருந்தது.

"வாங்க தம்பி! நீங்க நல்லா இருக்கணும்" என்றார். "ஒரே ஒரு உதவி. இந்தச் சாமானை மட்டும் திருப்பிக் கேட்டுடாதீங்க. இதை வைக்கத்தான் எனக்கு ரூம் கொடுத்திருக்காங்க."