ஏழாயிரமா, ஐயாயிரமா?

"மறுபடியும் திரும்பல," என்றார் மருந்துக்கடைக்காரர், பக்கத்தில் நின்ற மனைவியிடம். ரிமோட்டில் அவர் இடப்பக்கம் ஒடித்திருந்தார். முழ நீளக் காரோ மண்பாதை வளைவில் நேரே போய் மேட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேஜை முழுக்க எண்ணெய்ப் புட்டிகள். மனைவியும் மகளும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டு அலுத்துவிட்டார்கள். இன்றைய ரிமோட் கார் பந்தயத்திலும் கடைசியாக வந்தால் வண்டியைப் பரணில் போட்டுவிடுவதாக அவரே வாக்குக் கொடுத்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் ஊரார் இருமலைக் கேட்கும் மனிதருக்கு இருந்த ஒரே சந்தோஷம் இது.

கோளாறு டிஃபரன்ஷியலில்தான் என்று முடிவுகட்டினார். சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டி அது. முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. உள்ளே ஊற்றும் எண்ணெய் கெட்டியா, இளக்கமா என்பதைப் பொறுத்து வண்டியின் குணமே மாறும். முன்பெட்டியைப் பிரித்து, ஏழாயிரம் எண் எண்ணெயை வழித்துவிட்டு, இளக்கமான ஐயாயிரத்தை ஊற்றினார்.

அடுத்த சுற்றில் வண்டி திரும்பியது. திரும்பியது மட்டுமல்ல, பம்பரமாய்ச் சுற்றி, வந்த வழியையே பார்த்து நின்றது.

நடுப்பெட்டியில் கெட்டி எண்ணெய் ஊற்றினார். முதல் பள்ளத்திலேயே குட்டிக்கரணம் போட்டது. இளக்கிப் பார்த்தார், முன்சக்கரங்கள் அந்தரத்தில் சுழல, மேடேற மறுத்தது. மருந்தை நாளுக்கொன்றாக மாற்றாதீர்கள் என்று கடையில் எல்லோருக்கும் உபதேசம் செய்பவர், ஒரே காலையில் நான்காவது முறையாக ஸ்குரூ டிரைவரை எடுத்தார். இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"பேசாம மொதல்ல இருந்ததையே ஊத்திடுங்களேன்," என்றாள் மனைவி.

"எந்த மொதல்ல?"

கடைசிப் போட்டியிலும் அவர்தான் கடைசி. ஜெயித்தவர் இந்த வருஷம் புதிதாக வந்த ஓய்வுபெற்ற தபால்காரர். அவருடைய மஞ்சள் வண்டி ஒரு வளைவிலும் தடுமாறவில்லை. அவரிடமே போய்க் கேட்க மானம் இடம் கொடுக்காததால், மருந்துக்கடைக்காரர் பேனாவும் துண்டுச்சீட்டுமாக, சுற்று எண்ணும் அம்மாவிடம் போனார். மஞ்சள் வண்டியில் என்ன எண்ணெய் என்று தணிந்த குரலில் விசாரித்தார்.

"போன வருஷம், 'இது ஜென்மத்துக்கும் திரும்பாது, யாருக்காவது குடுத்துடுங்க'ன்னு எங்கிட்ட விட்டுட்டுப் போனீங்களே, அந்த வண்டிதான் சார் அது," என்றார் அந்த அம்மா. "பெயின்ட் மட்டும் மாத்தினாரு. உள்ள எண்ணெய் இருக்குங்கறதே அவருக்குத் தெரியாது."