ஐந்தருவிக்காரனுக்கு எத்தனை வீடு?

"எழுத்து கட்டம் கட்டமாத் தெரியுது" என்று மறுபடியும் புகார் வந்திருந்தது.

குத்துக்கல்வலசை வீட்டு மாடியில் உட்கார்ந்து முஃபீத் எழுதிய அரட்டைச் செயலிக்குச் 'சாரல்' என்று பெயர். ஃபோன், விண்டோஸ், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். மூல நிரலை யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று திறந்தே வைத்திருந்தான். உலகமே வரலாம், வந்தது என்னவோ ஒரே கணக்கு. 'ஐந்தருவி' என்று பெயர். அந்தப் புண்ணியவான் அனுப்பும் லிங்க்கைத் தொட்டால் எதிராளி கணக்கில்லாமலே பேசலாம். பேசுவது முஃபீதுக்குத் தெரியாது. புகார் மட்டும் தவறாமல் வரும்.

ரியாத்திலிருந்து சலீம் மாமா கெடு வைத்திருந்தார். "கடையத் திறந்து போட்டுட்டு வியாபாரம்ங்கான். ஏலே, பெருநாளைக்குள்ள நாலு பேராவது இதுல சேரலைன்னா விசா ரெடி, கிளம்பி வா."

முஃபீதுக்கு ஊரை விட்டுப் போக மனசே இல்லை. ஆகவே ஐந்தருவியைப் புது மாப்பிள்ளை போலத் தாங்கினான்.

விண்டோஸில் எழுத்தைச் சரிசெய்தான். ஃபோனில் கட்டம் வந்தது. அதைச் சரிசெய்தான். ஒரே செய்தி இரண்டு தடவை போனது. ஒரு கணக்கைப் பல இடத்தில் திறப்பதுதான் வினை என்று, ஒரு நேரத்தில் ஒரு இடம்தான் எனப் பூட்டுப் போட்டான்.

அத்தோடு புகார்ப்பெட்டி கொதித்தது.

"பொண்டாட்டி மிஸ்ரியாட்டப் பேசிட்டிருக்கேன், பாதில வெளிய தள்ளிட்டுது."

சற்று நேரத்தில் அதே ஐந்தருவி: "ஆனந்தவள்ளி கோவிச்சுக்கிட்டா. கட்டின பொண்டாட்டிட்டப் பேச உடமாட்டியாடே?"

அக்கா ஹஃப்சா எட்டிப் பார்த்தாள். "ஏலே, இவனுக்கு மொத்தம் எத்தன வீடுலே?"

"தெரியலையே லாத்தா. காலைல வந்த புகார்ல உமா மகேஸ்வரின்னும் ஒருத்தி இருந்தா."

முஃபீதுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்த ஊர்க்காரன், எப்படிச் சமாளிக்கிறான்? எழுதியே கேட்டுவிட்டான். "இலத்தூர்" என்று பதில் வந்தது. பின்னாலேயே "திருவேங்கடம்" என்று இன்னொன்று.

விஷயம் உம்மா நூர்நிஷாவின் காதுக்குப் போனது. "ஊர் ஊருக்குப் பொம்பளயள ஏமாத்துதவனுக்கு நீ வசதி பண்ணிக் குடுக்கியாக்கும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் வாப்பா, அவனத் தூக்கிரு."

"அவனையும் தூக்கினா எனக்கு ஆளே இல்லம்மா. அப்புறம் ரியாத்துதான்."

"போ. ஹலாலாச் சம்பாதி."

முஃபீத் ஐந்தருவியை முடக்கினான்.

உடனே மாமா வீடியோ காலில் வந்தார். விசாவுக்குத்தான் என்று முஃபீத் தலையைத் தொங்கப் போட்டான். மாமாவோ திருதிருவென்று விழித்தார். அவருக்குப் பின்னால் அறை கொள்ளாமல் பனியன் போட்ட ஆட்கள் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஃபோனைப் பிடுங்கினார்.

"தம்பி, நான் முத்துச்செல்வம், ஊரு திருவேங்கடம். அந்த ஐந்தருவியத் திறந்து விடுங்க, எங்க லேபர் கேம்ப்புல அத்தன பேருக்கும் இருக்கது அந்த ஒரு கணக்குதான். பாஸ்வேர்டச் சுவத்துல எழுதிப் போட்டு, 'என் மருமவன் இங்கன வந்து கெடக்கக் கூடாது, எல்லாரும் இதுலயே பேசுங்கலே'ன்னதே ஒங்க மாமாதான்."