சரிவரும் அங்கிளும் ராகுகாலத்துக் கொம்பியூட்டரும்

கொம்பியூட்டரின் மனத்தை மாற்றிச் சம்மதம் வாங்கலாம் என்று நம்பிய மனிதர் கொழும்பு மாநகரத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் சரிவரும் அங்கிள். இன்னொருவர் இனிமேல் பிறந்து வந்தால்தான் உண்டு.

அவருடைய சொந்தப் பெயர் நாங்கள் சேர்ந்து படித்த வகுப்பின் வரவு இடாப்பில் இருந்திருக்கும். அதை யாரும் தேடிப் பார்த்ததில்லை. எதைச் சொன்னாலும் "சரிவரும், சரிவரும்" என்பார். பஸ் வரவில்லை என்றாலும் சரிவரும், பல்லுக் குத்துகிறது என்றாலும் சரிவரும். தொழில் கலியாணத் தரகு. முப்பது வருடத்தில் அவர் கொட்டாஞ்சேனைக்கும் தெகிவளைக்கும் இடையில் பேசிமுடித்த சோடிகளை வரிசையில் நிறுத்தினால், காலி வீதியில் பஸ் ஓட இடமிருக்காது.

வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில் சனிக்கிழமைகளில் காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை எங்கள் வகுப்பு நடந்தது. புறோகிராமிங் என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்கான வகுப்பு என்று வாசலில் எழுதியிருந்தது. எனக்காகவே எழுதியதுபோல இருந்ததால் போய்ச் சேர்ந்தேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் பத்து வருடமாக ஒரே கதிரையில் இருந்து சலித்து, வேறு வேலைக்குத் தப்பியோட வழி தேடிக்கொண்டிருந்த காலம் அது.

அங்கிள் எதற்காக வந்தார் என்பதை முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். "சனம் இப்ப இன்ரநெற்றில எல்லோ மாப்பிள்ளை பாக்குதுகள், பிள்ளை. என்ர சாதகக் குறிப்புக் கட்டையெல்லாம் இதுக்குள்ள போட்டு, பொருத்தத்தை இதையே பாக்கப் பண்ணப் போறன்." சொல்லிவிட்டு என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். என் விதி அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

படிப்பித்தவள் இருபத்துமூன்று வயதுப் பிள்ளை. எல்லாருக்கும் மிஸ். ஒரு பெயரை எழுதி அதற்குள் ஒரு எண்ணைப் போட்டு வைக்கலாம், கேட்கும்போது கொம்பியூட்டர் அதைக் காட்டும் என்று அவள் முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தாள். அங்கிள் 'வயது' என்று பெயர் வைத்து முப்பத்தாறு என்று போட்டார். திரையில் முப்பத்தாறு வந்தது. அவர் முகம் கறுத்துவிட்டது.

"மிஸ், இது முப்பத்திரண்டு எண்டு காட்டாதோ?"

"முப்பத்திரண்டு எண்டு குடுத்தா அப்பிடிக் காட்டும் அங்கிள்."

"அப்பிடிக் குடுக்க ஏலாது பிள்ளை, அது பொய். நான் உண்மையைத்தான் குடுப்பன். வெளியில சொல்லேக்க அது தானாக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லோணும்."

மிஸ் தண்ணீர் குடிக்கப் போனாள்.

பிழை விட்டால் கொம்பியூட்டர் சிவப்பு எழுத்தில் கத்தும். நாங்களெல்லாம் அதைக் கண்டாலே மிஸ்ஸைக் கூப்பிடுவோம். அங்கிளுக்கோ அது சம்மந்தி வீட்டுப் பேச்சு. "முதல் நாளே ஓம் எண்ட பகுதி உருப்பட்டதா சரித்திரம் இல்லை" என்று சொல்லி, எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் திரும்ப ஓடவிடும் பொத்தானை அமத்துவார். மறுபடி சிவப்பு. மறுபடி அமத்துவார்.

"அங்கிள், திருப்பித் திருப்பி அமத்திச் சரிவராது. எழுதினதை மாத்தோணும்."

"அஞ்சு தரம் நடந்தாத்தான் மிஸ் பொம்பிளையின்ர தகப்பன் வாயே திறப்பார்."

ஒருநாள் அவர் கீழே விழுந்த கண்ணாடியைக் குனிந்து தேடிய இடைவெளியில், மிஸ் பொறுக்கமாட்டாமல் எட்டி அவர் விட்ட பிழையைத் திருத்திவிட்டாள். அங்கிள் நிமிர்ந்து ஐந்தாம் தரம் அமத்தினார். வேலை செய்தது! அவர் எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அவரைத் திருத்த அந்தக் கடவுளாலும் முடியவில்லை.

இதையெல்லாம் சகிக்கலாம். ராகுகாலத்தைத்தான் சகிக்க முடியவில்லை. சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. வகுப்போ பதினொன்றுக்கு முடிந்துவிடும். ஆகவே அங்கிள் ஒன்றரை மணித்தியாலம் எழுதுவார், வாசிப்பார், கையைக் கட்டிக்கொண்டு சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். ஓடவிடமாட்டார். பத்து முப்பத்தொன்றுக்கு "இப்ப அமத்தலாம்" என்று எல்லாருக்கும் கேட்க அறிவித்துவிட்டு அமத்துவார். என்னுடையது ஒன்பதே காலுக்குச் சிவப்பில் கத்தினால் மணிக்கூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார், மரியாதைக்காரர்.

மிஸ் சொல்லிக்கொடுத்தவற்றில் ஒன்றே ஒன்று மட்டும் அவருக்கு உடனே விளங்கியது. ஒரு வரிக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு போட்ட '#' என்ற குறியை வைத்தால், வரி எழுதியபடியே இருக்கும், மனிதர் வாசிக்கலாம், ஆனால் கொம்பியூட்டர் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போய்விடும்.

அங்கிள் எழுந்தே நின்றுவிட்டார். "அப்ப வரி இருக்கும். ஆனா அது பாக்காது?"

"ஓம் அங்கிள்."

"இதைத்தானே மிஸ் நான் முப்பது வருசமாச் செய்யிறன்!"

இதற்கிடையில் எங்கள் வீட்டில் ஒரு சதி நடந்தது. எங்கள் வகுப்பில் ஒரு தரகர் இருக்கிறார் என்று நான் அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை என் சாப்பாட்டுப் பையின் அடியில், "அந்த ஐயாவிட்டக் குடு" என்ற துண்டோடு என் சாதகக் குறிப்பு கிடந்தது. எனக்கு வயது முப்பத்துநாலு. எட்டில் செவ்வாய். அந்தச் செவ்வாய்க் குற்றத்தைச் சொல்லிப் பத்து வருடத்தில் வேண்டாம் என்று போன மாப்பிள்ளைப் பகுதிகளை எண்ணுவதை அம்மாவே விட்டிருந்தாள். கலியாணம் நடக்காதது எனக்கொரு கவலையே இல்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பச்சைப் பொய். முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு கிரகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்களே என்று பலமுறை குளியலறையில் அழுதிருக்கிறேன். அதனால் குறிப்பை அங்கிளிடம் கொடுத்துவிட்டேன்.

வகுப்பு முடிகிற மாதத்தில் அங்கிளின் புறோகிராம் தயாரானது. குறிப்புக் கட்டு முழுவதும் உள்ளே போயிருந்தது. "முதல் பொருத்தம் உன்ர, பிள்ளை" என்று என் விபரத்தை அதற்குக் கொடுத்தார். பத்து முப்பத்தொன்றுக்கு "இப்ப அமத்தலாம்" என்றார். அமத்தினார்.

திரை வெறுமையாக இருந்தது. ஒரு பெயரும் வரவில்லை. சிவப்பு எழுத்தும் இல்லை. அவர் வாழ்நாளில் முதன்முதலாகப் பிழையே இல்லாமல் எழுதிய புறோகிராம் அதுதான்.

"மெஷின் பிழை" என்றார் அங்கிள், என் முகத்தைப் பாராமல்.

"பிழை இல்லை அங்கிள். சரியாத்தான் வேலை செய்யுது" என்றேன். அன்றைக்கு அவர் 'சரிவரும்' என்று சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த சனி திரும்ப ஓடவிட்டார். இருபத்தேழு பெயர்கள் வந்தன. வகுப்பே கைதட்டியது. அவர் பிளேன்ரீ வாங்கக் கீழே இறங்கியதும் நான் அவர் எழுதியதைத் திறந்து பார்த்தேன். செவ்வாயைப் பார்க்கச் சொல்லும் வரிக்கு முன்னால் அந்த நாலுகோட்டுக் குறி நின்றது. பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தார்: 'பிள்ளை நல்ல பிள்ளை. இதைப் பாக்காதே.'

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. படியிலேயே அவரை மறித்தேன்.

"மறைச்சுக் கலியாணம் பேச வேண்டாம் அங்கிள். பிறகு தெரிஞ்சா அவையள் என்னை என்ன சொல்லுவினம்?"

"ஆர் மறைச்சது? வரி அங்கதானே இருக்கு!" என்றவர், தேநீரைப் படியில் வைத்துவிட்டு என் முன்னாலேயே முதல் பெயருக்குப் போன் எடுத்தார். "வணக்கம். ஒரு பிள்ளை இருக்கு. வயசு முப்பத்திநாலு. ஓம், முப்பத்திநாலுதான். எட்டில செவ்வாய். அதைப் பாக்கிறனீங்களெண்டா போனை வையுங்கோ."

வைத்துவிட்டார்கள்.

"சரிவரும்" என்றார் அங்கிள்.

அவர் வாயிலிருந்து ஒரு பெண்ணின் உண்மையான வயது வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும் பத்தரைக்கு மேல் அதே படியில் நின்று போன் எடுத்தார். இருபத்தாறு பேரும் வைத்துவிட்டார்கள். இருபத்தேழாவது பெயர் இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவருடையது. அவரே போனை எடுத்தார். அங்கிள் வயதையும் செவ்வாயையும் ஒப்புவித்தார். மறுபக்கம் ஏதோ கேட்டது. அங்கிள் முழிசினார்.

"செவ்வாய் கிடக்கட்டாம் பிள்ளை. புறோகிராம் எப்பிடிப் பொருத்தம் பாக்குது எண்டு கேக்கிறார். தொழில்நுட்பக் கேள்வி. நீ கதை." போனை என் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கிவிட்டார். நான் இருபத்தைந்து நிமிடம் விளக்கம் கொடுத்தேன். அந்த மனிதர் தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று கலியாணத்துக்குப் பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

கலியாணம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அங்கிள் முன்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். நேரம் பத்து முப்பத்தொன்று. தாலியை எடுத்த மாப்பிள்ளை, ஐயர் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் வாயைத் திறப்பதற்கு முன் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "இப்ப அமத்தலாம்!" மேளகாரருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது புறோகிராம் எழுதுவதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. அங்கிளின் புறோகிராமின் பிரதி ஒன்று வீட்டில் இருக்கிறது. செவ்வாய் வரியும் அதன் முன்னால் அந்தக் குறியும் அப்படியே நிற்கின்றன. எங்கள் கலியாண நாளில் அதைத் திறந்து ஒருமுறை ஓடவிடுவேன், பத்தரைக்குப் பிறகுதான். பிறகு கொட்டாஞ்சேனையில் இருக்கும் அங்கிளுக்குப் போன் எடுப்பேன். என்ன விஷயம் என்று நான் சொல்லத் தொடங்குமுன்னரே "சரிவரும் பிள்ளை" என்பார். அதைக் கேட்கத்தான் எடுக்கிறேன்.