ஒவ்வொரு வீட்டிற்கும் வெள்ளம்

இரண்டு மொழி தெரிந்தவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு மொழி மட்டும் தெரிந்தவன் தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பான். இரண்டும் தெரிந்தவன்தான் ஒன்றில் இன்னொன்றைக் கலந்துவிட்டு, கலந்ததே தெரியாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பான். நானும் அப்படித்தான் நடந்தேன்.

பாலக்காட்டுப் பக்கம் ஓர் ஆய்வு நிலையத்தில் நூலகராக இருக்கிறேன். நூலகர் என்றதும் புத்தகம் அடுக்குகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். (என் மாமியார் இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறார்.) மத்திய அரசின் நிதியில் ஆராய்ச்சி செய்தால், அந்தக் கட்டுரையை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் படிக்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதழில் அச்சானதை அப்படியே எடுத்து வைக்கவும் கூடாது. இதழ் ஏற்றுக்கொண்ட மூலப் பிரதியைத்தான் வைக்கலாம். அதை விஞ்ஞானிகளிடம் கேட்டு வாங்கி எங்கள் இணையக் களஞ்சியத்தில் ஏற்றுவது என் உத்தியோகம். கேட்டால் முதலில் ‘ஃபைனல்’ என்று ஒரு கோப்பு வரும். பிறகு ‘புது ஃபைனல்’. அதற்கும் பிறகு ‘இதுதான் ஃபைனல்’. பல் பிடுங்கும் டாக்டர்மேல் எனக்குப் பொறாமை உண்டு. அவரிடம் வாயையாவது திறந்து காட்டுகிறார்கள்.

ஷீபா மேடம் கோட்டயத்துக்காரர். தமிழர்கள் அதிகமுள்ள எங்கள் எருத்தேன்பதிப் பக்கத்துக் கிணறுகளில் மூன்று வருடமாக நீர்மட்டம் அளந்துகொண்டிருந்தார். கேரளம் முழுக்க மழை கொட்டும்போது எங்கள் ஊருக்கு மட்டும் மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அங்கே புதிதாகக் கட்டிய தடுப்பணையில் பலகை போட்டுத் தேக்கினால், சுற்றியுள்ள கிணறுகளில் மார்ச் வரை தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதியிருந்தார். அந்த வருடம்தான் முதன்முறையாகப் பலகை போட்டிருந்தார்கள். வரும் கோடையில் அளந்து பார்த்தால்தான் கணக்கு சரியா என்று தெரியும். அதற்கு ஆய்வுத் திட்டம் நீட்டிக்கப்பட வேண்டும். மாதக் கடைசிக்குள் கட்டுரையும், உள்ளூர் மக்களுக்குப் புரிகிற மொழிகளில் ஒரு பக்கச் சுருக்கமும் பொதுவில் இருந்தால்தான் நீட்டிப்பு என்று டெல்லியிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

மலையாளச் சுருக்கத்தை மேடமே எழுதிக் கொடுத்தார். தமிழுக்கு யாரைப் பிடிப்பது என்று கவலைப்பட்டார். நான் இருக்கும்போது என்ன கவலை என்றேன்.

பாதி வார்த்தைகள் இரண்டு மொழிக்கும் பொதுதானே. மென்பொருளில் போட்டு மலையாள எழுத்தைத் தமிழ் எழுத்தாக மாற்றினேன். பிறகு வாலை மட்டும் வெட்டி ஒட்டினேன். நில்க்கும் என்பதை நிற்கும் என்று ஆக்கினேன், எத்தும் என்பதைச் சென்றடையும் என்று ஆக்கினேன். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. களஞ்சியத்தில் ஏற்றினேன். களஞ்சியத்தில் இருப்பதை எவன் படிக்கிறான் என்று, ஊர் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். நிலையத்தின் முத்திரையோடு அது இப்படி இருந்தது: “தடுப்பணையால் வெள்ளம் மார்ச் மாதம் வரை நிற்கும். நன்கு பராமரித்தால் வெள்ளம் ஒவ்வொரு வீட்டையும் சென்றடையும். இது விவசாயிகளுக்கு மகிழ்ச்சியான செய்தி.”

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். வீட்டில் தண்ணியும் ஆபீஸ் கேன்டீனில் வெள்ளமும் குடித்து வளர்ந்த என் கண்ணுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பழனிச்சாமி மாமா கூப்பிட்டார். அம்மாவின் தம்பி, தென்னந்தோப்புக்காரர். அந்தத் தடுப்பணை வேண்டும் என்று நடையாய் நடந்தவரே அவர்தான்.

“ஏன் மாப்ள, அணையால வெள்ளம் வந்து மார்ச் வரைக்கும் நிக்கும்னு போட்டிருக்கறயே, நெசந்தானா?”

“நெசந்தான் மாமா. மூணு வருச ஆராய்ச்சி.”

“ஊட்டுக்குள்ளயும் வருமா?”

“எல்லா ஊட்டுக்கும் வரும் மாமா. சந்தோசமா இருங்க.”

அத்தோடு போனை வைத்துவிட்டார். மாமா நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். (எவ்வளவு பெரிய மூளை பாருங்கள்.)

அடுத்து அத்தை கூப்பிட்டார். ஆடுகளையெல்லாம் டெம்போவில் ஏற்றிப் பொள்ளாச்சிக்கு அனுப்பியாகிவிட்டதாம். மாமா ஆட்களைக் கூட்டிக்கொண்டு அணைப் பலகையைக் கழற்றப் போயிருக்கிறாராம். “ஊரே முழுகப் போகுதுங்கற, அதுக்குப் போயி ஏன் கண்ணு சந்தோசப்படச் சொன்ன?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழைக்காலம் முடிந்துவிட்டது. பலகையைக் கழற்றினால் தேங்கியிருப்பது மொத்தமும் ஓடிவிடும். கிணறும் போச்சு, மேடத்தின் மூன்று வருடமும் போச்சு. மாமாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மேடத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். தமிழில் வெள்ளம் என்றால் பிரளயம் என்று பாதி வழியில் மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் மூன்று வருட அளவுக் குறிப்பேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

நாங்கள் போனபோது ஒரு பலகையை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் சீறிக்கொண்டு போனது. மாமா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அடுத்த பலகையை அசைத்துக்கொண்டிருந்தார். நான் கரையிலிருந்து கத்தினேன்: “மாமா, வெள்ளம்னா வெள்ளமில்ல மாமா.” என்னை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். மாமாவின் அருகில் போய், “பேடிக்கண்டா சேட்டா. கிணற்றில் வெள்ளம் வரும். வெள்ளம் இல்லாத்ததல்லே நம்முடெ பிரச்னம்?” என்றார். பயப்படாதீர்கள், தண்ணீர் இல்லாததுதானே நம் பிரச்சினை என்று அர்த்தம்.

மாமா பலகையிலிருந்து கையை எடுத்தார். மேடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, அது மலையாள வெள்ளமுங்களா?”

“அதே” என்றார் மேடம்.

“எழுத்து தமிழ்ல இருந்துச்சுங்களே.”

கழற்றிய பலகையை மாமாவே தூக்கிவந்து செருகி, இடுக்கில் களிமண்ணை அப்பினார். என்னையும் உள்ளே இறங்கி மண் எடுத்துத் தரச் சொன்னார். ஆபீஸ் பேன்ட்டோடு இறங்கினேன்.

அன்றே திருத்திய சுருக்கத்தை ஏற்றினேன். நீட்டிப்பும் கிடைத்தது. இணையவழிக் கூட்டத்தில் டெல்லி அதிகாரி, ஒரு தமிழ்ச் சுருக்கத்தை இத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறார்களே, எப்படி என்று வியந்தார். மக்கள் அதை மிகவும் கவனமாகப் படித்தார்கள் என்று மேடம் சொன்னார். சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை.

ஆனால் களஞ்சியத்தின் விதி ஒன்று உண்டு. ஒரு முறை ஏற்றியதை அழிக்க முடியாது. திருத்தியது இரண்டாம் பதிப்பாகச் சேரும், முதல் பதிப்பும் பக்கத்திலேயே இருக்கும், உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். இந்த விதியை ஊர் ஊராகப் போய் விஞ்ஞானிகளுக்கு விளக்குகிறவன் நான்தான்.

மேடத்தின் கணக்கு பொய்க்கவில்லை. அந்தக் கோடையிலிருந்து ஒவ்வொரு மார்ச்சிலும் மாமா தோப்புக் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுகிறார்.

“மாப்ள, கெணத்துல வெள்ளம் நிக்குது. தமிழா மலையாளமான்னு வந்து பாத்துச் சொல்லு, ஆட்டைப் பொள்ளாச்சிக்கு ஓட்டோணுமில்ல.”