டைனி வீடு வாடகைக்கு

"டைனியா? யாரைக் கேட்டு இப்படிப் போட்ட?"

வீட்டுத் தரகர் ஒரு கையில் போனும் மறு கையில் சாவியுமாகப் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டே கத்தினார். போனில் அவர் மனைவி அசரவில்லை.

"சின்ன வீடு வாடகைக்குன்னு விளம்பரம் போட்டா கண்டவனும் போன் பண்ணுவான். அதான் இங்கிலீஷ்ல போட்டேன்."

"அதுக்கு ஸ்மால்னு போடறது!"

"ஸ்மால்னா சின்னது. டைனின்னா சின்னதுலயும் சின்னது. எறும்போட கால், பச்சைக் குழந்தையோட நகம், அப்புறம் அந்த வீடு."

தரகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு. இன்று சாயங்காலத்துக்குள் ஆள் பிடிக்காவிட்டால் சாவியை எதிர்த்தெருத் தரகரிடம் கொடுத்துவிடுவேன் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். போயும் போயும் அந்த ஆளிடமா தோற்பது? தலைகீழாக நின்றாவது இன்றைக்கு முடித்தே தீருவது என்று கிளம்பி வந்திருந்தார்.

படியேறி ஓர் இளம் ஜோடி வந்தது. கூடவே கணவனின் அக்கா. எல்லோரும் உள்ளே நிற்க இடம் போதாததால் அக்கா வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"டைனின்னு போட்டிருந்தீங்களே, இதுதானா?" என்றாள் மனைவி.

"அது தப்பா விழுந்த வார்த்தைம்மா! உள்ள வந்து பாருங்க, மைதானம் மாதிரி இருக்கும்."

அவள் முகம் சுருங்கியது. நம்பவில்லை போலிருக்கிறது என்று தரகர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"இந்த ஓரமா ஒரு கட்டில் போடலாம்."

"கட்டில் போட முடியாதுன்னு நினைச்சோமே," என்றான் கணவன் கவலையோடு.

"ரெண்டே போடலாம் தம்பி! மேல பரண் வேற இருக்கு. மெத்தையை விரிச்சா பசங்க ஏறிப் படுத்துக்கும்."

கணவனுக்கு வேர்த்தது.

"போதுங்க. நாங்க ரெண்டே பேர்தான்," என்று மனைவி குறுக்கே விழுந்தாள்.

"இப்ப ரெண்டு பேர். திடீர்னு நாலு பேர் வந்துட்டா?"

விடுவாரா மனுஷன்? மடமடவென்று தரையில் படுத்தே காட்டிவிட்டார். தலை சுவரில் இடித்தது, கால் எதிர்ச்சுவரில் இடித்தது. வலியை மென்று விழுங்கிக்கொண்டு சிரித்தார்.

"பத்து பேர் தாராளமா உருண்டு புரளலாம். எழுதியே குடுக்கறேன்!"

"வேண்டாங்க," என்றாள் மனைவி. அழுதுவிடுவாள் போலிருந்தது. "எங்களுக்கு இது ரொம்பப் பெரிசு."

இந்த வீட்டைப் பார்த்து இதுவரை ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. தரகர் படுத்தபடியே வாயைப் பிளந்தார்.

வாசலிலிருந்து அக்கா உற்சாகமாகத் தலையை நீட்டினாள். "நல்லவேளை அண்ணே, நானும் கூட வந்தேன்! நான் வந்து தங்க முடியாத மாதிரி டைனி வீடாத்தான் கிடைக்குதுன்னு ரெண்டு பேரும் சாதிச்சாங்க. நாளைக்கே மூணு பசங்களோட பெட்டி படுக்கையைத் தூக்கிட்டு வந்துடறேன்!"